மீன் தொட்டியும் தறிக் குழியும்

சங்கங்களின் கணக்கைச் சரிபார்ப்பது நமது உத்தியோகம். நூல் இருப்பு என்று பேரேட்டில் எழுதியிருந்தால் அலமாரியைத் திறந்து நூலைப் பார்ப்போம். தறியில் பாவு என்று எழுதியிருந்தால் அங்கத்தினர் வீட்டுக்கே சென்று பாவைக் கண்ணால் காண்போம். சென்ற ஆண்டுக் கோடையில், பட்டு நெசவு நடக்கும் ஓர் ஊரில் அவ்வாறு வீடு வீடாகத் தறி பார்த்து வந்தபோது, பேரேட்டின் எந்தத் தலைப்பிலும் அடங்காத ஒரு பொருளைப் பற்றி அரை நாள் ஆராய்ச்சி செய்ய நேர்ந்தது. அந்தப் பொருள் ஒரு மீன் தொட்டி. வண்ண மீன் வளர்க்கும் அங்கத்தினர்கள் இப்போது பலர் இருப்பதாலும், அன்று கண்ட கோளாறு பிற வீடுகளிலும் நேரக்கூடியதாலும், அதை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

அந்த வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் உட்காருகிறவர். மகன் சென்னையில் வேலையிலிருக்கிறார். பேத்தி விடுமுறைக்கு வரும்போது பார்த்து மகிழட்டும் என்று அவர் ஒரு கண்ணாடித் தொட்டியை வாங்கி, கொளத்தூரிலிருந்து ஏஞ்சல் மீன்களும் கொண்டுவந்து விட்டு, கூடத்தில் தறிக்கு எதிர்ச் சுவரோரம் வைத்துப் போயிருந்தார். வண்ண மீன் உற்பத்தியிலும் விற்பனையிலும் கொளத்தூர் பெயர் பெற்ற இடம் என்பது பலரும் அறிந்ததே.

நாம் உள்ளே நுழைந்ததும் பெரியவர் தறியை விட்டு எழுந்து வந்தார். "சார், நீங்கள் எழுத வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை" என்றார். குழியருகே துணியில் சுற்றி வைத்திருந்த மிச்சப் பாவைப் பிரித்துக் காட்டினார். மூன்று சேலைக்கான பாவில் இரண்டு சேலை அறுத்தாகிவிட்டது. மூன்றாவது சேலைக்கான பட்டின் ஒரு புறம் நனைந்து உலர்ந்த அடையாளம் தெரிந்தது. அரக்குச் சாயம் பக்கத்து இழைகளில் சிறிது ஏறியிருந்தது. நான்கு நாட்களுக்கு முன் இரவில் மீன் தொட்டி பொங்கி, நீர் தரை வழியே ஓடித் தறிக் குழிக்குள் இறங்கிவிட்டதாம். பாவு சங்கத்தின் சொத்து. அவருக்கோ அந்தச் சேலையின் கூலி மட்டுமல்லாது நாற்பது ஆண்டுப் பெயரும் அதில் இருந்தது.

"மீனுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மிஷின், அந்த மிஷினுக்குத் தண்ணீர் ஊற்ற நான். இது யாருக்கு ஒத்தாசை என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார் வீட்டு அம்மாள்.

அந்த மிஷினைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். திறந்த தொட்டியில் நீர் நாள்தோறும் ஆவியாகும். மின்விசிறி ஓடும் கூடமானால் இன்னும் விரைவாக ஆகும். அவர் வீட்டுத் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். ஒரு சென்டிமீட்டர் உயர நீர் என்பது அதில் ஏறக்குறைய 4 லிட்டர். நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் குறைந்து வந்தது. அதாவது 2 லிட்டர். இதைக் கையால் ஊற்றி ஈடு செய்வதற்குப் பதிலாகத் தானே ஊற்றிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை மகன் பொருத்தியிருந்தார். தொட்டியில் ஒரு சிறு மிதவை. பக்கத்தில் நீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் டிரம். டிரம்முக்குள் கைக்கடக்கமான ஒரு பம்பு. பம்பிலிருந்து தொட்டிக்கு ஒரு மெல்லிய குழல். தொட்டி நீர் இறங்கினால் மிதவை தாழும், சுவிட்சு இணையும், பம்பு ஓடும். நீர் ஏறினால் மிதவை உயரும், பம்பு நிற்கும்.

வீட்டு மாடித் தொட்டியிலும் மாட்டுத் தொட்டியிலும் பந்து வால்வு செய்யும் வேலைதான் இது. பொதுக்காலத்துக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா நகரத்து தெசிபியஸ் என்பவர் தமது நீர்க் கடிகாரத்தில் நீர்மட்டம் மாறாதிருக்க மிதவை அடைப்பான் ஒன்றை வைத்திருந்தார். நெசவாளருக்கு இன்னும் கிட்டிய உதாரணம் உண்டு. விசைத்தறியில் பாவு இழை அறுந்தால் அதில் தொங்கும் சிறு தகடு விழுந்து தறியை நிறுத்திவிடுகிறதல்லவா? 1890களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த நார்த்ராப் தானியங்கித் தறியின் பெருமைகளில் அதுவும் ஒன்று. நிலைமையை ஓர் உறுப்பு உணர்கிறது. மற்றோர் உறுப்பு அதற்கேற்ப இயங்குகிறது அல்லது நிற்கிறது. ஆகவே கோளாறு தேடும்போதும் இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

அந்த வீட்டில் அவ்வாறு சோதிக்கவில்லை. தொலைபேசியில் விஷயம் கேட்ட மகன், "மிதவை கெட்டிருக்கும் அப்பா, வேறு அனுப்புகிறேன்" என்று சொல்லிப் புதிய மிதவை அனுப்பினார். தொட்டி இதற்கு முன்பும் ஒரு தடவை பொங்கியிருக்கிறது. அப்போதும் மிதவையைத்தான் மாற்றினார்கள். இரண்டாவது முறை பொங்கியது புது மிதவை இருக்கும்போதே என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நமது வீட்டிலும் பல ஆண்டுகளாக ஒரு தொட்டி இருக்கிறது. மாதத்தில் பாதி நாள் சுற்றுப்பயணத்தில் கழியும் உத்தியோகமாதலால் இத்தகைய கருவி ஒன்றை நாமும் வைத்திருக்கிறோம். அது நம்மைப் பலவாறு சோதித்தும் இருக்கிறது. ஆகவே பதிவேட்டை மூடி வைத்துவிட்டுத் தொட்டியருகே போனோம்.

முதலில் மிதவையை விரலால் உயர்த்தினோம். பம்பு உடனே நின்றது. தாழ்த்தினோம், ஓடிற்று. பத்துத் தடவை செய்து பார்த்தோம்; ஒரு தடவையும் தவறவில்லை. மிதவை குற்றமற்றது. பெரியவரின் முகம் சுருங்கிற்று. காரணம் அகப்பட்டுவிட்டது என்ற ஆறுதலும் போயிற்றே!

அப்போது அம்மாள் இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று, சாதாரண நாட்களில் பம்பு ஓடுவதும் நிற்பதுமாக ஓயாமல் சத்தம் போடுகிறது. மற்றொன்று, டிரம்மில் ஊற்றுவது நல்ல தண்ணீராக இருந்தும் நான்கே நாளில் மீன் வாடையும் பாசியும் வந்துவிடுகின்றன. இவ்விரண்டையும் அவர் சிறு தொல்லைகளாகவே கருதி வந்தார். நமக்கோ இவையே சாட்சிகளாகப் பட்டன. டிரம்மிலிருந்து தொட்டிக்குத்தானே நீர் போக வேண்டும்? தொட்டியின் வாடை டிரம்முக்கு எப்படி வந்தது?

மூன்றாவது சாட்சி சுவரில் தொங்கிற்று. அந்த அம்மாள் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே டிரம்மில் ஊற்றிய குடங்களையும் குறித்து வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் 1 என்று இருந்தது. இரண்டு நாட்களில் மட்டும் 3 என்றும் 4 என்றும் இருந்தது. முதலாவது, ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் புறப்பட்ட நாள். இரண்டாவது, குழாய் பழுது பார்ப்பதால் நான்கு நாள் தண்ணீர் வராது என்று அறிவிப்பு வந்து, வீட்டிலுள்ள அண்டா குண்டான் எல்லாம் நிரப்பிய நாள். டிரம்மும் அன்று விளிம்பு வரை நிரம்பிற்று. தொட்டி பொங்கிய நாட்கள் எவை என்று கேட்டோம். அந்த இரண்டு நாட்களின் இரவுகளேதான்! பணப் பற்று ஒரு தேதியிலும் சரக்கு வரவு அதே தேதியிலும் இருந்தால் நாம் எப்படி நிமிர்ந்து உட்காருவோமோ அப்படி உட்கார்ந்தோம்.

பாவை மாடத்தில் ஏற்றிவிட்டு, குழியைச் சுற்றிச் சாக்குப் போட்டுவிட்டு, டிரம்மை மறுபடியும் விளிம்பு வரை நிரப்பச் சொன்னோம். பக்கத்து வீட்டுப் பையன் நீர் கொண்டுவந்தான். தொட்டியிலிருந்து இரண்டு செம்பு நீரை மொண்டதும் மிதவை தாழ்ந்தது, பம்பு ஓடிற்று, நீர் ஏறிற்று, மிதவை உயர்ந்தது, பம்பு நின்றது. எல்லாம் முறைப்படியே நடந்தது. ஆனால் குழல் முனையருகே நீரில் விரலை வைத்தால் ஓட்டம் தெரிந்தது. பம்பின் பிளக்கைப் பிடுங்கினோம். பிளக் நம் கையில் இருந்தது. நீர் தொட்டிக்குள் வந்துகொண்டே இருந்தது.

பெரியவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வாய்க்காலிலிருந்து ஓஸ் போட்டு எடுக்கிற மாதிரி!" என்றார். அதுவேதான். மேலிருக்கும் நீரைக் குழலால் நிரப்பி ஒரு தடவை கரை தாண்ட வைத்துவிட்டால், பிறகு எந்த விசையும் வேண்டாமல் தாழ்ந்த இடத்துக்கு அது தானே ஓடும். சைபன் என்று நாம் வழங்குவது இதுதான். பம்பு செய்தது குழலை நிரப்பிக் கரை தாண்டச் செய்தது மட்டும். பம்பு நின்றாலும் அதன் உள்வழி அடைபடுவதில்லை. நீர் அதனூடே தாராளமாகப் போகும்.

அளவு நாடாவை எடுத்து உயரங்களைக் குறித்தோம். தொட்டியின் மேல் விளிம்பு தரையிலிருந்து 105 சென்டிமீட்டர். நீர்மட்டம் 102. டிரம் 70 சென்டிமீட்டர் உயர முக்காலி மேல் நின்றது. நீர் நிற்கும் உயரம் 47 ஆதலால், விளிம்பு வரை நிரப்பினால் அதன் மட்டம் 117. அதாவது தொட்டி விளிம்பைக் காட்டிலும் 12 சென்டிமீட்டர் மேலே நீர். டிரம்மின் குறுக்களவுப்படி அந்த 12 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 19 லிட்டர் அடங்கும். தொட்டியிலோ விளிம்பு வரை 12 லிட்டருக்கே இடம். மிச்சம் 7 லிட்டர் தரைக்கும் தறிக் குழிக்கும் போயிருக்கிறது. டிரம் பாதியளவு இருந்தபோது அதன் மட்டம் தொட்டி நீருக்குக் கீழே இருந்ததால் இந்த ஆபத்து எழவில்லை. பாதி டிரம்மோடு மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கருவி, நிரம்பிய டிரம்மோடு ஒரே இரவில் பொங்கியதன் காரணம் இதுதான்.

சாதாரண நாட்களின் சத்தத்துக்கும் இதே கணக்கில் விடை கிடைத்தது. குழல் முனையைத் தொட்டி விளிம்பில் பிடித்திருந்த கிளிப்பு நழுவி, முனை நீருக்குள் இரண்டு விரற்கடை அமிழ்ந்திருந்தது. டிரம் நீர் தாழ்ந்திருக்கும் நாட்களில் பம்பு நின்றதும் ஓட்டம் திரும்பி, தொட்டி நீர் டிரம்முக்குப் போயிற்று. தொட்டி மட்டம் இறங்க, மிதவை மறுபடியும் பம்பை அழைத்தது. ஏற்றியதும் இறங்கியதும் அதே நீர்தான். டிரம்முக்கு மீன் வாடை வந்த வழியும் அதுவே.

இவ்விடத்தில் பலரும் செய்யும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். குழல் முனையை நீருக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பர். பின்னோட்டம் நிற்கும், உண்மைதான். ஏனென்றால் முனை வழியே காற்று புகுந்துவிடும். ஆனால் டிரம் நீர் குழல் முனையைக் காட்டிலும் உயரத்தில் இருக்குமானால் முன்னோட்டம் நிற்காது. காற்றில் தொங்கும் முனையிலிருந்தும் நீர் கொட்டிக்கொண்டுதான் இருக்கும். முன்னோட்டத்தை நிறுத்த வழிகள் இரண்டு. டிரம்மின் நிறைமட்டம் குழல் முனைக்குக் கீழே இருக்கும்படி தாழ வைப்பது ஒன்று. டிரம்முக்கு உள்ளாகவே, நீர்மட்டத்துக்கு மேலே குழல் வளையும் இடத்தில் ஊசியால் சிறு துளை இட்டு, பம்பு நின்றதும் காற்று நுழையச் செய்வது மற்றொன்று. துளை பாசியாலும் உப்பாலும் அடைபடக்கூடியது. ஆதலால் முதல் வழியையே நாம் விரும்புகிறோம். துளையை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

"அப்படியானால் டிரம்மைத் தரையிலேயே வைத்துவிடலாமே" என்றார் பெரியவர். மகன் அறியாமல் முக்காலி போடவில்லை. அந்தப் பம்பு 1 மீட்டர் உயரத்துக்குத்தான் நீரை ஏற்றும் என்று பெட்டியில் போட்டிருந்தது. தரையிலிருந்து தொட்டி விளிம்பு தாண்ட 1 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும். பெட்டியில் குறித்த உயரம் என்பது நீர் வெறுமனே எட்டிப் பார்க்கும் உயரமே தவிர, பாயும் உயரமன்று. அது வரை ஏற்றினால் ஓட்டம் ஏறக்குறைய இல்லாமற் போய்விடும். முக்காலியை ஒரேயடியாக நீக்கினால் பம்பு வீணாய் ஓடும்; முன்போல் வைத்தால் தொட்டி பொங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயரம் வேண்டியிருந்தது.

வீட்டில் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பலகை இருந்தது. அதில் வைத்தால் டிரம் நிறைமட்டம் 92. தொட்டி நீரையும் 3 சென்டிமீட்டர் இறக்கி, 99இல் நிறுத்தும்படி மிதவையைத் தாழ்த்திப் பொருத்தினோம். இப்போது டிரம் எவ்வளவு நிரம்பினாலும் தொட்டி நீருக்கு 7 சென்டிமீட்டர் கீழேயே இருக்கும். பம்பு ஏற்ற வேண்டிய உயரம் 60 சென்டிமீட்டர் சொச்சம். அது அதற்கு இயன்றது. தொட்டியின் மேற்புறக் காலியிடமும் 12 லிட்டரிலிருந்து 24 லிட்டராயிற்று. குழல் முனையை நீருக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் நூலால் இறுகக் கட்டினார் பெரியவர். முடிச்சு போடுவதில் அவருக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை.

இதோடு திருப்தியடையாமல் ஒரு டைமரும் வைக்கச் சொன்னோம். மிதவை என்றைக்காவது சிக்கிக்கொண்டால் பம்பு டிரம் முழுவதையும் தொட்டியில் கொட்டிவிடுமல்லவா? ஒரு லிட்டர்ச் செம்பு நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தோம்; 40 விநாடி. அதாவது நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். நாளுக்கு வேண்டியது 2 லிட்டர். நிமிடக் கணக்கில் வைக்கக்கூடிய டிஜிட்டல் டைமரில் காலை நேரம் 3 நிமிடம் மட்டும் மின்சாரம் போகும்படி வைத்தால், மிதவை முற்றும் கெட்டாலும் அன்று நுழையக்கூடியது நாலரை லிட்டர்தான். தொட்டி தாங்கும், மறுநாள் காலையில் கண்ணுக்கும் தெரியும். பல்சக்கரம் சுழலும் பழைய வகை டைமரில் மிகக் குறைந்த நேரம் பெரும்பாலும் 15 நிமிடம். அதில் 22 லிட்டர் போய்விடும் என்பதைக் கவனிக்க வேண்டும். விலை கூடிய கருவிகளில் இந்தக் கால வரம்பு உள்ளேயே இருக்கிறது. அது பம்பை நிறுத்திச் சிவப்பு விளக்கு காட்டினால், கருவி பழுது என்று எண்ணி உடனே பொத்தானை அழுத்திவிடாமல், டிரம் காலியா, குழல் மடங்கியிருக்கிறதா, பம்பின் விசிறி சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது முறை.

மிதவை குற்றமற்றது என்று அந்த வீட்டில் தீர்ப்புச் சொன்னோமே தவிர, எல்லா வீட்டு மிதவையும் அப்படியல்ல. நமது தொட்டியில் ஒரு முறை நத்தை ஒன்று மிதவையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் கனத்தில் மிதவை எழவில்லை, பம்பும் ஓயவில்லை. பாசியும் உப்புப் பூத்தலும் மிதவை நழுவும் தண்டில் ஒட்டி, ஏறிய இடத்திலோ இறங்கிய இடத்திலோ அதை நிறுத்திவிடும். மாதம் ஒரு முறை கழற்றி, வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிப் பொருத்தினால் போதும். ஓட்டை போட்ட சிறு பிளாஸ்டிக் டப்பாவை மிதவைக்கு வேலியாக வைத்தால் நத்தையும் மீனும் அண்டா.

இன்னொரு கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. பெரும்பாலான சிறு மிதவைகளுக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. தண்டுக்குள் கண்ணாடிக் குழலில் அடைத்த இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் இருக்கின்றன. காந்தம் அருகே வந்தால் நாக்குகள் ஒட்டும், விலகினால் பிரியும். 1936இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் எல்வுட் என்பவர் கண்டுபிடித்த ரீட் சுவிட்சு இதுவே. இந்த நாக்குகள் சிறு மின்னோட்டத்துக்கு ஏற்பட்டவை. சிலர் 230 வோல்ட் பம்பை நேரே இதன் வழியாக இணைத்துவிடுகிறார்கள். அணையும்போதெல்லாம் நாக்குகளிடையே பொறி பறந்து, ஒரு நாள் அவை உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு மிதவை எங்கே இருந்தாலும் பம்பு ஓடும். மிதவை தாராளமாக ஏறி இறங்குகிறது, ஆனாலும் பம்பு நிற்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நடுவில் ஒரு ரிலே வைப்பதே பரிகாரம்.

மிதவையில்லாமல் ஒளியால் நீரை உணரும் கருவிகளும் விற்கின்றன. முனையில் கண்ணாடி போன்ற ஒரு சிறு கூம்பு இருக்கும். அது காற்றில் இருந்தால் உள்ளிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒளி முழுவதும் திரும்பி வரும். நீரில் இருந்தால் வெளியே போய்விடும். அந்த வேறுபாட்டை வைத்து அது தீர்மானிக்கிறது. அசையும் உறுப்பு இல்லாதது இதன் மேன்மை. ஆனால் கூம்பின்மேல் பாசி படிந்தாலும், காற்றுக் குமிழி ஒட்டினாலும், சன்னல் வெயில் நேரே விழுந்தாலும் தவறாகத் தீர்மானிக்கும். நீர் அலையாத நிழலான மூலையில் பொருத்தி, வாரம் ஒரு முறை விரலால் துடைக்க வேண்டும்.

ஊற்றும் நீரைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. கருவி ஒழுங்காக வேலை செய்கிறபோதே இது நேர்வதால் பலர் இதைக் கோளாறு என்றே எண்ணுவதில்லை. ஆவியாகிப் போவது நீர் மட்டும். அதில் கரைந்திருக்கும் உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீரை நாளுக்கு 2 லிட்டர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.8 கிராம், மாதத்துக்கு 54 கிராம். 150 லிட்டர் நீருள்ள தொட்டியில் இது லிட்டருக்கு 360 மில்லிகிராம் கூடுதல். அடுத்த மாதம் மேலும் 360. அசலைத் தொடாமல் வட்டி மட்டும் சேர்ந்துகொண்டே போகும் கடனைப் போன்றது இது. நீர்மட்டம் கோடு தவறாமல் நிற்பதால் எல்லாம் செம்மையாக இருப்பதாகவே தோன்றும். ஏஞ்சல் போன்ற மென்னீர் மீன்கள் மெல்ல மெல்ல நலியும். மழைநீரோ சுத்திகரித்த நீரோ டிரம்மில் ஊற்றினால் இந்தச் சேர்மானம் இராது. அது கிடைக்காதவர்கள் வாரந்தோறும் தொட்டி நீரில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டுப் புது நீர் விட வேண்டும். ஆவியானதற்கு ஈடு செய்வது வேறு, பழைய நீரை மாற்றுவது வேறு. முன்னதைக் கருவி செய்யும், பின்னதைச் செய்யாது.

கடல்மீன் வளர்ப்போருக்கு இது இன்னும் கூர்மையானது. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு. ஆவியானதற்கு ஈடாக உப்பு நீரை ஊற்றலாகாது; நன்னீரையே ஊற்ற வேண்டும். கருவி சிக்கி 100 லிட்டர்த் தொட்டியில் 20 லிட்டர் நன்னீரைக் கொட்டிவிட்டால் உப்பு 29 பங்குக்கு இறங்கிவிடும். தரையில் ஒரு சொட்டு சிந்தாவிட்டாலும் மீன் துன்புறும்.

குழாய் நீரை நேரே தொட்டிக்கு இணைப்பது எவ்வகையிலும் கூடாது. குளோரின் மீனுக்கு நஞ்சு. திறந்த டிரம்மில் ஒரு நாள் நிற்கவிட்டால் குளோரின் பெரிதும் போய்விடும். குளோரமின் கலந்த நீரானால் நின்றாலும் போகாது. அதற்கான மருந்தை விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

மின்கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிளக்குக்குப் போகும் கம்பி, பிளக்கைக் காட்டிலும் தாழ ஒரு தடவை தொங்கி வளைந்து பிறகு மேலேற வேண்டும். அப்போது கம்பி வழியே ஒழுகும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. அந்த வீட்டில் பிளக் தொட்டிக்கு நேர் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. பொங்கிய இரவில் அம்மாள் வெறுங்காலோடு ஈரத்தில் நடந்து வந்து அதைப் பிடுங்கியிருக்கிறார். இதைக் கேட்டபோதுதான் நமக்கு உண்மையில் அச்சம் உண்டாயிற்று. பாவைப் பார்த்தபோது அல்ல. கசிவு மின்சாரத்தை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் பாதுகாப்புச் சுவிட்சு அந்த வீட்டில் இல்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பொருத்தி, பிளக்கையும் இடம் மாற்றச் சொல்லிவிட்டே எழுந்தோம்.

பிறகு பதிவேட்டைத் திறந்தோம். நனைந்த பாவின் அளவையும், நனைந்த காரணத்தையும், அங்கத்தினர் தாமாகவே தெரிவித்தார் என்பதையும் எழுதினோம். அதற்கு மேல் எழுத நமக்கு அதிகாரமில்லை. சேலை அறுத்து வந்தபோது அது இரண்டாம் தரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கூலியில் ஒரு பகுதி பிடித்தமாயிற்று. "கணக்கு என்றால் அப்படித்தானே சார்" என்றார் பெரியவர். மகனுக்கு நாமே தொலைபேசியில் பேசி, முக்காலியின் உயரக் கணக்கைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிடித்தமான தொகையைத் தாம் அனுப்பிவிடுவதாகப் பிறகு சொன்னார், அனுப்பியும் விட்டார். பெரியவர் அதில் பாதியை மீனுக்குத் தீனி வாங்க வைத்துக்கொண்டதாக அம்மாள் சொல்லக் கேட்டோம்.

அடுத்த காலாண்டில் அதே தெருவில் தறி பார்க்கச் சென்றபோது டிரம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பேத்தி விடுமுறைக்கு வந்து, தன் கையாலேயே நிரப்பியிருந்தாள். தரை காய்ந்திருந்தது. காலண்டரில் அன்றைய தேதிக்கு எதிரே குழந்தை எழுத்தில் 4 என்று இருந்தது.